கிரவுன் ஆயிலும் தங்கத் தூளும்: கோலார் தங்கவயலின் எழுதப்படாத பராமரிப்பு வரலாறு

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் சில எண்களைத் தவறாமல் குறிப்பிடுவர். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியைக் கையிலெடுத்த 1880. காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து மின்சாரம் வந்து சேர்ந்த 1902. சாம்பியன் ரீஃப் சுரங்கம் எட்டிய ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர் ஆழம். நூற்றிருபது ஆண்டுகளில் வெளிவந்த சுமார் 800 டன் தங்கம். இறுதியாக, பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட 2001 பிப்ரவரி 28. இந்த எண்களில் ஐயமில்லை. ஆயினும் இவற்றுள் எதிலும் இடம்பெறாத ஒரு கூட்டம் உண்டு. அத்தனை ஆண்டுகளும் அந்த இயந்திரங்களுக்கு எண்ணெய் இட்டவர்கள், பழைய எண்ணெயை வடித்தவர்கள், வடித்த எண்ணெயைப் பார்த்து இயந்திரத்தின் உள்நிலையைச் சொன்னவர்கள். அவர்களுடைய அறிவு எங்கே போயிற்று என்னும் வினாவுக்கு விடை தேடியபோது, ஆவணக் காப்பகத்தைவிடத் தங்கவயலின் வீட்டு முற்றங்களில் நிற்கும் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்புகள் எனக்கு அதிகம் உதவின. இப்பதிவு அதைப் பற்றியது. சற்று நீளமானது, பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

தொழில்நுட்ப வரலாறு என்பது பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. டேவிட் எட்ஜர்டன் தமது 'தி ஷாக் ஆஃப் தி ஓல்டு' என்னும் நூலில் இப்போக்கைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு பொருள் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதைவிட, அது எத்தனை காலம், யாரால், எவ்வாறு பயன்படுத்தப்பட்டது, பழுதுபார்க்கப்பட்டது என்பதே வரலாற்றுக்கு முதன்மையானது என்றார். டேவிட் ஆர்னால்டு 2013இல் இதே பார்வையை இந்தியாவுக்குப் பொருத்தித் தையல் இயந்திரம், மிதிவண்டி, தட்டச்சுப் பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை ஆராய்ந்தார். கோலார் தொழிலாளர் குறித்து நம்மிடம் ஜானகி நாயரின் 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' (1998) இருக்கிறது. வேலைநிறுத்தம், சாதி, பண்பாடு, மைசூர் அரசின் தொழிற்கொள்கை ஆகியவற்றை அறிய இன்றும் அந்நூலுக்கு ஈடில்லை. இம்மூன்று நெறிகளும் சந்திக்கும் இடத்தில்தான் எண்ணெய்க் கறை படிந்த கைகள் இருக்கின்றன. அவ்விடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது என்பது என் கருத்து.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். இன்று அறிவியல் தமிழில் 'மசகு எண்ணெய்' என்கிறோம். ஏதோ கலைச்சொல் குழு ஆக்கித் தந்த சொல் என்று மாணவர்கள் எண்ணுகிறார்கள். மசகு என்பது மாட்டு வண்டியின் அச்சுக்கு இடும் மை. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயிலோ கொட்டாங்குச்சியிலோ வண்டியடியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கரியில் கலந்த எண்ணெய் அச்சிலிருந்து வழிந்தோடாமல் தங்கும். எண்ணெய் மட்டும் இட்டால் பத்து கல் தொலைவில் காய்ந்துவிடும். இன்றைய கிரீஸின் தத்துவமும் இதுவே. சோப்பு செய்யும் வேலையை அன்று கரி செய்தது. ஆமணக்கின் பெருமை வண்டியோடு நிற்கவில்லை. இந்திய ரயில்வேயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கெண்ணெய் விளக்குக்கும் எரிந்தது, அச்சுக்கும் ஊற்றப்பட்டது. ஆங்கிலேயரான வேக்ஃபீல்டு 1909இல் தம் எண்ணெய்க்கு 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டபோது ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்தே அதை எடுத்தார். நம் மளிகைக் கடையில் பேதிக்கு விற்கும் எண்ணெயின் பெயர் உலகப் பந்தயக் கார்களின் மீது ஒட்டப்பட்டிருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

தங்கவயலுக்கு வந்த தொழிலாளரில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர். அவர்களிலும் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வண்டி மை குழைக்கத் தெரிந்த கைகள் கோலாரில் நீராவி எஞ்சின்களையும், கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின்களையும், அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக் கருவிகளையும் சந்தித்தன. மேற்பார்வைப் பணிகளும் 'திறன் சார்ந்தவை' என்று வகைப்படுத்தப்பட்ட பணிகளும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சென்றன. எண்ணெய் இடுதல், துடைத்தல், வடித்தல் ஆகியவை கடைநிலைக் கூலிகளின் பணியாயின. 'ஆயில்மேன்' என்னும் பணிப்பெயர் இந்தியத் தொழிற்சாலைகளிலும் ரயில்வேயிலும் கூலிப் பட்டியலின் அடித்தட்டை ஒட்டியே நெடுங்காலம் கிடந்தது. ஒரு முரணை இங்கே கவனிக்க வேண்டும். இயந்திரத்தை நாள்தோறும் தொடுபவன், அதன் சூட்டைப் புறங்கையால் அறிபவன், அதன் ஒலி மாறுவதை முதலில் கேட்பவன் ஆயில்மேன். கூலிப் பட்டியல் அவனைத் திறனற்றவன் என்று எழுதியது.

தங்க ஆலையில் எண்ணெய்க்கு இன்னொரு முகமும் இருந்தது. தாதுவை இடிக்கும் உலக்கை ஆலையில், இடிபட்ட சேறு நீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின் மேல் ஓடும். தங்கத் துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். உலக்கையைத் தூக்கும் கேம் தண்டிலிருந்து ஒரு சொட்டு கிரீஸ் அச்சேற்றில் விழுந்தாலும் கேடு. எண்ணெய்ப்படலம் தங்கத் துகளைப் போர்த்திவிடும். பாதரசம் அதைப் பிடிக்காது. தங்கம் கழிவோடு ஓடிவிடும். அக்கால ஆலைக் கையேடுகள் கிரீஸைப் பாதரசக் கலப்பு முறையின் பகைவன் என்றே பேசின. ஆகவே தங்கவயலின் ஆலைப் பணியாளருக்கு எண்ணெய் என்பது வேண்டிய இடத்தில் மருந்து, வேண்டாத இடத்தில் நஞ்சு. ஒரு சொட்டு எங்கே விழுகிறது என்பதைக் கவனிக்கும் ஒழுக்கம் இங்கே கூலி வெட்டுக்கு அஞ்சிக் கற்கப்பட்டது. பின்னால் நான் சொல்லப்போகும் செய்திக்கு இது முன்னுரை.

இனி ஜீப்புக்கு வருவோம். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைப் போருக்காகச் செய்தன. அந்த வண்டியோடு அமெரிக்கப் படை ஒரு கையேட்டையும் கொடுத்தது. 1944 பிப்ரவரியில் வெளியான அதன் எண் டி.எம். 9-803. பராமரிப்பின் முதற்படி ஓட்டுநருடையது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. எந்த மூடியைத் திறப்பது, எந்த எண்ணெயை எவ்வளவு ஊற்றுவது என்பதையெல்லாம் பள்ளிக்கூடமே பாதியில் நின்ற ஓர் இளைஞனுக்கும் புரியும் வண்ணம் படம் வரைந்து காட்டியது. புகழ்பெற்ற படக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர், படைவீரர்களுக்கான 'ஆர்மி மோட்டார்ஸ்' இதழில் வண்டிப் பராமரிப்பைச் சித்திரக் கதையாகவே வரைந்தார். தன் வண்டியைத் தானே திறக்கலாம், திறக்க வேண்டும் என்னும் எண்ணத்தை உலகின் பல மூலைகளுக்குக் கொண்டுசென்றது அந்தப் போர். போரைப் பற்றி நல்லதாகச் சொல்ல இது ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது.

போர் முடிந்தபின் கழித்துக்கட்டப்பட்ட படை வண்டிகள் சந்தைக்கு வந்தன. 'டிஸ்போசல் ஜீப்' என்னும் சொல் தமிழுக்கும் வந்தது. 1945இல் மகிந்திரா சகோதரர்கள் மாலிக் குலாம் முகம்மதுவோடு சேர்ந்து தொடங்கிய மகிந்திரா அண்ட் முகம்மது நிறுவனம், குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிப் போனபின், 1948இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. வில்லிஸ் உரிமம் பெற்று அது பம்பாயில் பூட்டிய ஜீப்புகளே பின்னர் நம் ஊர்களில் கலெக்டர் ஜீப்பாகவும், போலீஸ் ஜீப்பாகவும், தேர்தல் ஜீப்பாகவும் ஓடின. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஊழல் வழக்காகப் பேசப்படுவதும் ஜீப் வழக்கே. காஷ்மீர்ப் போருக்காக 1948இல் இங்கிலாந்தில் கிருஷ்ண மேனன் செய்த ஒப்பந்தத்தில் வந்துசேர்ந்தவை 155 வண்டிகள் மட்டுமே. வந்தவையும் பயன்பாட்டுக்கு ஏற்றவையாக இல்லை என்பது குற்றச்சாட்டு. 1955இல் அரசு அவ்வழக்கை முடித்து வைத்தது. நாடாளுமன்றக் குழுக்கள் பக்கம் பக்கமாக ஆய்ந்த அச்செய்தியை ஒரு நல்ல மெக்கானிக் கியர்பாக்ஸின் அடிமூடியைத் திறந்து பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பான்.

அதெப்படி? இங்கே சிறிது இயந்திரவியல் தேவைப்படுகிறது. நான்கு சக்கர இயக்க ஜீப்பில் எஞ்சினின் ஆற்றல் கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அங்கே அது இரண்டாகப் பிரிந்து ஒரு தண்டு முன்னச்சுக்கும் மற்றொன்று பின்னச்சுக்கும் செல்கிறது. இரு அச்சுகளின் நடுவிலும் ஒவ்வொரு டிஃபரன்ஷியல். அதிலுள்ள பெரிய பற்சக்கரம் கிரவுன் வீல் எனப்படுவதால் நம் ஒர்க்ஷாப்புகளில் டிஃபரன்ஷியலையே 'கிரவுன்' என்பர். அதில் ஊற்றுவது 'கிரவுன் ஆயில்'. ஆக, எஞ்சின் நீங்கலாக நான்கு அறைகள். நான்குக்கும் தனித்தனி எண்ணெய். மேலே ஊற்றும் மூடியும் கீழே வடிக்கும் மூடியும் தனித்தனி. நான்கிலும் சேர்த்து ஐந்து அல்லது ஆறு லிட்டர்தான் பிடிக்கும். எஞ்சின் எண்ணெய் எரிவதையும் கருப்பதையும் எல்லோரும் காண்கிறார்கள். இந்த நான்கு அறைகளின் எண்ணெய் யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தேய்ந்த ஒவ்வொரு பல்லின் பொடியும், ஆயில் சீல் வழியே புகுந்த ஒவ்வொரு துளி நீரும் அதில் தங்கும். அழிக்கப்படாத பதிவேடு அது.

என் கள ஆய்வில் சந்தித்த பெரியவர் ஒருவர் ஆலைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, மூடலோடு வெளியேறியவர். அவரிடம் ஒரு பழைய மகிந்திரா இருக்கிறது. அதன் எண்ணெய் மாற்றும் நாளில் என்னை வரச் சொன்னார். லைன் வீடுகளின் ஓரத்தில், சமதளமான கல்தரையில் வண்டி நின்றது. நான்கு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியிருந்தார். சூடான எண்ணெய் இளகி ஓடும். அடியில் படிந்த பொடியையும் வாரிக்கொண்டு வரும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். ஜீப் உயரமான வண்டி. ஜாக்கியில் தூக்காமலே அடியில் படுத்துக்கொள்ளலாம். தூக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டி சாய்ந்திருந்தால் எண்ணெயின் மட்டம் பொய் சொல்லும்.

அவர் முதலில் கை வைத்தது மேல் மூடியில். அடிமூடியைத் திறப்பார் என்று எதிர்பார்த்திருந்த நான் காரணம் கேட்டேன். "தம்பி, வடிச்சிட்டு அப்புறம் ஊத்துற பிளக்கு தொறக்கலன்னா வண்டி இங்கயே நிக்கும். ஊத்த வழி இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வடிக்கணும்" என்றார். பழைய வண்டிகளில் துருவேறிய மேல் மூடி அசையாமல் மறுப்பது வழக்கம். எண்ணெயில்லாக் கியர்பாக்ஸோடு வண்டியை ஒர்க்ஷாப் வரை ஓட்டவும் முடியாது. இந்த வரிசை எந்தக் கையேட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன், சிரித்தார். சுரங்கத்தில் பம்பின் கியர் பெட்டிக்கும் இதே வரிசைதானாம்.

கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக வடித்தார். இந்த வகை ஜீப்பில் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. நடுவிலுள்ள பேரிங் வழியாக ஒன்றின் எண்ணெய் மற்றொன்றுக்குக் கசிந்து போவது அதன் பழைய குணம். ஒன்றில் மட்டம் குறைந்து மற்றதில் ஏறியிருந்தால் எண்ணெய் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று பொருள். ஒன்றை மட்டும் பார்த்து ஊற்றுபவன் மற்றதை நிரம்பி வழியச் செய்வான். மிகுந்த எண்ணெய் சீலை உடைத்துப் பிரேக் டிரம்மில் இறங்கும். எண்ணெய் வடிந்து முடியும்வரை அவர் அவசரப்படவில்லை. திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் பிளக்கின் மறையைத் துடைத்தார்; செப்பு வாஷரைப் புதிதாக மாற்றினார்.

அதற்குப்பின் அவர் செய்ததற்காகவே இப்பதிவை எழுதுகிறேன். வடித்த எண்ணெயில் ஒரு கரண்டி அளவு எடுத்து, விளிம்பு உடைந்த வெள்ளை எனாமல் தட்டில் ஊற்றினார். சிறிது மண்ணெண்ணெய் விட்டு இளக்கினார். பிறகு தட்டை இரு கைகளாலும் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, வட்டமாகச் சுழற்றினார். எண்ணெய் விளிம்பை நோக்கி ஓட, கனமான பொடி நடுவில் பிறைபோலத் தங்கியது. தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். மஞ்சள் மினுக்கம் தெரிந்தது. "இது பித்தளை. சிங்க்ரோ ரிங்கு தேயுது. மூணாவது கியர்" என்றார்.

அந்தக் கையசைவு எனக்குப் புதிதல்ல. ஆற்று மணலை மரத்தட்டில் அரித்துத் தங்கம் தேடியவர்களின் அசைவு அது. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரிடமிருந்து வந்த முறையில், ஆலைச் சேற்றின் ஒரு மாதிரியை மண்வெட்டித் தகட்டில் சுழற்றி, கனமான தாது எவ்வளவு தேறும் என்று கண்ணால் மதிப்பிடும் ஆலைக்காரரின் அசைவும் அதுவே. 1802இல் லெஃப்டினன்ட் ஜான் வாரன் இப்பகுதி மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைக் கண்டு பதிவு செய்தார். சாம்பியன் ரீஃப் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே அந்த அறிவு இந்த மண்ணில் இருந்தது. தங்கத்தைத் தேடிய கண் இன்று கியர்பாக்ஸ் எண்ணெயில் பித்தளையைத் தேடுகிறது. பால் கலந்த காபி நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளக்கின் காந்தத்தில் மாவுபோல் ஒட்டிய சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். நகக்கண் அளவு எஃகுச் சில்லு என்றால் பல் உடைந்திருக்கிறது. உடனே பிரிக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாமல் மினுங்குவது பித்தளை அல்லது வெண்கலம். இந்த இலக்கணத்தை அவர் யாரிடமும் பாடமாகக் கற்கவில்லை. கனமானது தங்கும், இலேசானது ஓடும் என்னும் ஒற்றை விதியிலிருந்து தாமே வருவித்துக்கொண்டார். ஆய்வகங்களில் இன்று எண்ணெயில் கலந்த உலோகத்தை நிறமாலை கொண்டு அளக்கிறார்கள். கருவி வேறு, கேட்கும் கேள்வி அதுதான்.

பித்தளை தேய்வதற்கு அவர் காட்டிய காரணம் இன்னும் கூர்மையானது. முன்பு நான்கு அறைகளுக்கும் ஒரே எண்ணெய்தான். 'நைன்டி ஆயில்' என்று கேட்டால் கடைக்காரர் கொடுப்பார். இந்தத் தொண்ணூறைப் பற்றி ஒரு பரவலான மயக்கம் உண்டு. எஞ்சின் எண்ணெயின் நாற்பதைவிடக் கியர் எண்ணெயின் தொண்ணூறு இரு மடங்கு கெட்டி என்று நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். தொண்ணூறு கியர் எண்ணெய் ஏறத்தாழ நாற்பது, ஐம்பது எஞ்சின் எண்ணெயின் கெட்டித் தன்மைதான் உடையது. உண்மையான வேறுபாடு கெட்டியில் இல்லை, அதில் கலந்த வேதிப்பொருளில் இருக்கிறது. அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் 1920களில் பரப்பிய ஹைப்பாய்டு பற்சக்கர அமைப்பில் சிறு சக்கரம் கிரவுனின் மையத்துக்குச் சற்று விலகி நிற்கும். பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப்படலம் கிழிந்துவிடும். ஆகவே கந்தகமும் பாஸ்பரமும் சேர்த்தனர். அவை சூட்டில் எஃகோடு வினைபுரிந்து, எளிதில் தேயும் ஒரு மேற்தோலை உண்டாக்கிப் பல்லைக் காக்கும். கியர் எண்ணெயின் நாற்றம் அந்தக் கந்தகத்தின் நாற்றமே. ஆனால் அதே கந்தகம் செம்பு கலந்த உலோகத்தைத் தின்னும். கியர்பாக்ஸின் சிங்க்ரோ வளையங்கள் பித்தளையால் ஆனவை. எனவே வேதிப்பொருள் மிகுந்த ஜி.எல்-5 எண்ணெய் கிரவுனுக்கு, குறைந்த ஜி.எல்-4 கியர்பாக்ஸுக்கு என்று பிரிந்தது. வண்டியின் முந்தைய உடைமையாளர் நான்கிலும் 'உயர்ந்த' எண்ணெயான ஐந்தாம் எண்ணையே ஊற்றி வந்திருக்கிறார். உயர்ந்த விலையின் பலன் தட்டில் மினுங்கியது.

(எண்ணெய் வேதியியலின் வரலாற்றில் ஒரு பக்கக் குறிப்பு: தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெயில் 1970களின் தொடக்கம் வரை ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டு வந்தது. அமெரிக்கா திமிங்கலப் பொருள்களைத் தடை செய்தபின்னரே மாற்று தேடினார்கள். ஆமணக்கிலிருந்து திமிங்கலம் வரை ஒரு சக்கரம் வழுக்காமல் சுழல எத்தனை உயிர்கள் தேவைப்பட்டிருக்கின்றன!)

எண்ணெயை ஊற்றும் முறையில் கலை ஒன்றும் இல்லை. புட்டியில் குழாய் செருகி உயரத்தில் பிடித்து, மேல் துளையின் கீழ் விளிம்பில் எண்ணெய் சொட்டத் தொடங்கும்வரை விட்டார். சொட்டு நின்றதும் மூடினார். கடைசியாக அச்சுகளின் மேலுள்ள சுவாச மூடிகளைக் கழற்றி ஊதினார். அவற்றில் வெளிர் நிறப் பொடி அடைத்திருந்தது. "சைனட் மேட்டு மண்ணு" என்றார். தங்கவயலை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அறியாதவர்களுக்கு: தாதுவை அரைத்துச் சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கு மேல், ஊரைச் சுற்றி மலைகளாகக் குவிந்து கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அம்மலைகள் ஊருக்குள் பறக்கும்; சோற்றிலும் விழும், நுரையீரலிலும் இறங்கும். அச்சின் மூச்சுத் துளைக்குள்ளும் போகிறது. ஓடிச் சூடேறிய அச்சு குளிரும்போது காற்றை உள்ளிழுக்கும். இந்தப் பொடி அதோடு உள்ளே போனால் உப்புத்தாள் போலப் பற்களைத் தேய்க்கும். ஆகவே கம்பெனி சொல்லும் கணக்கில் பாதித் தூரத்திலேயே அவர் கிரவுன் ஆயிலை மாற்றிவிடுகிறார். இவ்வூருக்கென்று ஒரு பராமரிப்பு அட்டவணை இருக்கிறது. அதை இவ்வூரின் கழிவே எழுதியிருக்கிறது.

அவ்வட்டவணை ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், எந்த அறை, எந்த எண்ணெய், தட்டில் கண்டது என்று கட்டம் போட்டுத் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தறிவு இவ்வூரில் தற்செயலாக வந்ததன்று. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றியிருந்தது. அவர் மறைவுக்குப்பின் அவருடைய 'தமிழன்' இதழ் 1926 முதல் அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்தே வெளியிடப்பட்டது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவ்வூர்த் தொழிலாளரே. நிர்வாகம் தங்கள் உடலைப் பதிவேடாக்குவதை மறுத்த ஒரு சமூகம், தான் காண்பதைத் தானே பதிவு செய்யக் கற்றுக்கொண்டது. அந்த நோட்டை நான் தொழில்நுட்ப வரலாற்றின் முதன்மைச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். நெறியாளர்கள் சிலருக்கு இது ஏற்புடையதாக இராது என்பதையும் அறிவேன்.

சுரங்கத்தின் திறன் முழுவதும் முற்றங்களில் முடங்கிவிட்டது என்றும் கூறலாகாது. 1964இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பெமல், தங்கவயலில் புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்கிறது. அவற்றுக்கான ஹைட்ராலிக்ஸ், 'பவர்லைன்' எனப்படும் கியர் அமைப்புகளும் இங்கேயே செய்யப்படுகின்றன. ஆனால் 2001க்குப் பிறகு வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் நாள்தோறும் விடியற்காலையில் மாரிகுப்பம் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பழகுநரிடமிருந்து பழகுநருக்குக் கைமாறிய அறிவுக்கு நேரம் தேவை. ரயில் அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது. பெரியவரின் மகனுக்கும் கார் உண்டு. அதன் கியர்பாக்ஸில் ஊற்றியிருக்கும் எண்ணெய் 'ஆயுளுக்கும் போதும்' என்று விற்பனையாளர் சொன்னாராம். யாருடைய ஆயுள் என்று பெரியவர் கேட்டிருக்கிறார். எண்ணெய் என்றென்றும் புதிதாக இருக்கும் என்று எந்த வேதியியலும் சொல்லவில்லை. இன்றைய புதுவகைக் கியர்பாக்ஸ்கள் பலவற்றில் மட்டம் பார்க்கும் குச்சி இல்லை; குறிப்பிட்ட வெப்பநிலையில், கணினியை இணைத்துத்தான் மட்டம் பார்க்க முடியும். இயந்திரம் நுட்பமானதால் வந்த தேவை இதில் ஓரளவு உண்டு. ஆயினும் ஓட்டுநரே முதற்படி என்ற 1944ஆம் ஆண்டின் கொள்கை தலைகீழாகிவிட்டது. கூலிப் பட்டியல் அன்று செய்ததை இன்று மூடியின் வடிவமைப்பே செய்கிறது: தொடுபவனுக்குத் தெரியாது என்று முடிவு கட்டுகிறது.

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுவதைப் போற்றுவோர் பேசாத பக்கம் ஒன்று உண்டு. வடித்த எண்ணெய் எங்கே போகிறது? பெரியவரின் நோட்டில் இதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் 'வேலிக் கம்பம்', 'கதவு - கரையான்', 'சென்ட்ரிங் பலகை' என்று எழுதியிருக்கிறார். கான்கிரீட் ஒட்டாமலிருக்க மேஸ்திரிகள் பலகையில் வேஸ்ட் ஆயில் தடவுவது நாடெங்கும் உள்ள வழக்கம். கரையானுக்கு மரத்தில் பூசுவதும் அப்படியே. பல வீடுகளில் இந்த அளவு அக்கறையும் இல்லை, சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். மழைநீரோடு அது ஏரிக்கும் கிணற்றுக்கும் இறங்குகிறது. ஏற்கெனவே கழிவு மலைகளோடு வாழும் ஓர் ஊருக்கு இது கூடுதல் சுமை. சட்டப்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு. 2016ஆம் ஆண்டின் விதிகள் அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கச் சொல்கின்றன. 2024 ஏப்ரல் முதல் எண்ணெய் உற்பத்தியாளர்களுக்கும் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு விதிக்கப்பட்டுள்ளது. விதி ஆலையையும் பெரிய ஒர்க்ஷாப்பையும் எட்டியிருக்கலாம். ஆறு லிட்டர் வடிக்கும் வீட்டு முற்றத்துக்கு அது இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

முறையாகச் சுத்திகரித்தால் அந்த எண்ணெயிலிருந்து மீண்டும் அடிப்படை எண்ணெய் எடுக்கலாம். எண்ணெய் தேய்வதில்லை, அழுக்காகிறது, வேதிச்சரக்கு தீர்கிறது, அவ்வளவே. கழிவு மலைகளின் கதையும் இதற்கு நெருங்கியதே. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் அவற்றில் இன்னும் இருக்கிறது. அதை மீண்டும் அரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. அப்பணி தொடங்கினால் அம்மலைகளைச் சுரண்டும் இயந்திரங்களுக்கும் கியர்பாக்ஸ் இருக்கும், கிரவுன் இருக்கும்; அதே பொடி அவற்றின் சுவாசத் துளையிலும் அடைக்கும். அவ்வியந்திரங்களின் பராமரிப்பு அட்டவணையை எழுத அமரும் பொறியாளர்களுக்கு மாரிகுப்பத்துக்கு அருகே ஒரு நாற்பது பக்க நோட்டு பயன்படக்கூடும். பெரியவரின் இசைவோடு அதன் பக்கங்களைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். 'வேஸ்ட் ஆயில்' கட்டத்தில் கடைசி நான்கு பதிவுகளிலும் ஒரே சொல்தான் இருக்கிறது: 'கேனில்'. மூன்று கேன்கள் நிரம்பி, திண்ணைக்குக் கீழே, பெற்றுக்கொள்ள ஆள் வரும்வரை காத்திருக்கின்றன.